கடலூர் வீட்டில் இருந்து காலாப்பட்டில் படித்தால் உதவித்தொகை தருவது எந்த அரசு? முதுநிலை மாணவர்களுக்கான நிதியுதவி, அடிப்படையிலிருந்து

கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். முள்ளோடையில் அரசு மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம். இரு பக்கத்துக் குடும்பங்களும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, கடை வைத்து, வேலைக்குப் போய் ஒன்றாகவே வாழ்கின்றன. பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். பண்ருட்டிப் பெண் புதுச்சேரியின் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் என்ற மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்கிறாள். பாகூர்ப் பையன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்கிறான்.

சேர்ந்த பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. பி.எஸ்சி. படிக்கும்போது மாதாமாதம் வந்த பணம் நின்றுவிடுகிறது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் "உங்க மாநிலத்துல கேளுங்க" என்கிறார்கள். சொந்த ஊர் அலுவலகத்தில் கேட்டால் "படிக்கிற இடத்துல கேளுங்க" என்கிறார்கள். இப்படி அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. தகுதி இல்லாமல் உதவியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தகுதி இருந்தும் தவறான அலுவலகத்தில் நின்றதால் இழப்பதுதான் மனதை அறுக்கிறது. அதைத் தடுக்க முடியும் என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

"ஸ்காலர்ஷிப்" என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு வேறு விஷயங்களைக் குறிக்கிறோம்.

1. கட்டண விலக்கு: கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை அரசு ஏற்கிறது, அல்லது கட்டியபின் திருப்பித் தருகிறது. செலவுக்குப் பணம் கையில் வராது.

2. கல்வி உதவித்தொகை: மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும் பணம். பெரும்பாலும் குடும்ப வருமானம், சாதிப் பிரிவு, மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்துத் தருவது.

3. ஃபெல்லோஷிப், அதாவது ஆய்வு ஊக்கத்தொகை: ஆராய்ச்சி மாணவருக்கு மாதச் சம்பளம்போல வருவது. பெரும்பாலும் தேர்வு எழுதித்தான் பெற வேண்டும்.

4. கல்விக்கடனும் வட்டி மானியமும்: கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டியது. வட்டி மானியம் என்றால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் ஆன வட்டியை அரசு கட்டுகிறது என்று பொருள். அசலை அரசு கட்டாது. "கடனைத் தள்ளுபடி செய்வார்கள்" என்று நம்பிக் கையெழுத்துப் போடும் பெற்றோர் பலர். அந்த நம்பிக்கைக்கு எந்த விதியிலும் இடமில்லை.

இளநிலையில் வந்த பணம் ஏன் நின்றது?

சில பெரிய திட்டங்கள் முதல் பட்டத்தோடு முடியும்படி அமைக்கப்பட்டவை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் இளநிலைப் படிப்பு முடியும்வரைதான்.

முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படியே. 2010-11 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இளநிலைத் தொழிற்படிப்பில் சேர்பவருக்கான கட்டணச் சலுகை. "என் மகள்தான் வீட்டின் முதல் பட்டதாரி, எம்.எஸ்சி.க்கும் சலுகை உண்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இளநிலை முடித்ததும் அவள் பட்டதாரி ஆகிவிட்டாள். முதல் பட்டதாரி என்ற கணக்கு அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

இன்னொரு திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் ஆண்டுக்கு 20,000. முதுநிலைக்கும் பணம் உண்டு என்பதைப் பார்த்து எம்.ஏ. முதலாண்டில் புதிதாக விண்ணப்பிக்க முயல்கிறார்கள். முடியாது. இளநிலை முதலாண்டிலேயே இதில் நுழைந்து, 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் காட்டி, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தவருக்கு மட்டுமே முதுநிலைப் பணம். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம்பியோ தங்கையோ இருந்தால் இதை இப்போதே அவர்களிடம் சொல்லுங்கள்.

படிக்கும் இடமா, சொந்த ஊரா?

குழப்பத்தின் நடுமையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான உதவித்தொகையின் விதி தெளிவானது. மாணவர் எங்கே படித்தாலும், அவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே உதவித்தொகை தர வேண்டும். படிக்கும் கல்லூரி, "இவர் எங்கள் மாணவர், இந்தப் படிப்பு, இவ்வளவு கட்டணம்" என்று சான்று தரும். அதோடு கல்லூரியின் பங்கு முடிந்தது.

ஆகவே பண்ருட்டிப் பெண் காலாப்பட்டில் படித்தாலும் அவளுடைய விண்ணப்பம் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலத்துறைக்குத்தான் போக வேண்டும். பாகூர்ப் பையன் சிதம்பரத்தில் படித்தாலும் புதுச்சேரி ஆதிதிராவிடர் நலத்துறைக்குத்தான். பிறந்தது கடலூர், பிழைப்புக்காகப் பெற்றோர் குடியேறியது புதுச்சேரி, ரேஷன் அட்டையும் புதுச்சேரி என்று இருக்கும் குடும்பங்களுக்குத்தான் உண்மையான சிக்கல். சாதிச் சான்றிதழைப் பொறுத்தவரை மத்திய அரசின் நெடுங்கால நிலைப்பாடு, ஒருவருக்கு அவர் பூர்வீக மாநிலத்தில்தான் அந்தச் சலுகை என்பது. குடியேறிய இடத்தில் சான்றிதழ் கிடைத்தாலும், அது தந்தையின் பூர்வீகச் சான்றை வைத்துத் தரப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் விண்ணப்பம் பூர்வீக மாநிலத்துக்கே போக வேண்டியிருக்கும். சேர்க்கைக்கு முன்பே இதைத் தாலுகா அலுவலகத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது.

போஸ்ட் மெட்ரிக்கில் எவ்வளவு கிடைக்கும்? பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களோடு ஒரு கல்விப்படியும் உண்டு. 2020-21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டியல் சாதி மாணவருக்கு:

1. எம்.பி.ஏ., எம்.டெக். போன்ற முதுநிலைத் தொழிற்படிப்பு: விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய்வந்தால் 7,000.

2. எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். போன்றவை: விடுதி என்றால் 6,000, போய்வருபவருக்கு 3,000.

ஆண்டுக்கு 3,000 என்றால் மாதத்துக்கு 250 ரூபாய். கடலூரிலிருந்து காலாப்பட்டுக்கு இரண்டு பேருந்து மாறிப் போகும் மாணவிக்கு இது பேருந்துக் காசுக்கே காணாது. கட்டண விலக்குதான் இதில் பெரிய பயன். கல்விப்படியை நம்பி மாதச் செலவைத் திட்டமிட வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இரண்டு விதிகள் உண்டு. ஒரு எம்.ஏ. முடித்துவிட்டு வேறு பாடத்தில் இன்னொரு எம்.ஏ. படித்தால் இந்த உதவித்தொகை இல்லை, அதே நிலையில் மறுபடியும் படிப்பதாகக் கணக்காகும். இதைப் பெறுபவர் வேறு உதவித்தொகையையும் சேர்த்துப் பெற முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2 லட்சம்

கடலூர் மாவட்டத்தில் பலருக்குத் தெரியாமல் போகும் திட்டம் இது. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் இளநிலை, முதுநிலை படிக்கும் தமிழ்நாட்டு பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்விச் செலவை ஏற்கிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

பெயரைக் கேட்டதும் "அது ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்கானது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டு மகனோ, குறிஞ்சிப்பாடி நெசவாளர் வீட்டு மகளோ காலாப்பட்டில் சேர்ந்தால், வருமான வரம்புக்குள் இருந்தால், இந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கிறது. விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தின் சான்றொப்பம் பெற்று, சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆணையரகத்துக்கு அனுப்ப வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு ஓர் ஆணையரகம், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் வேறொன்று. கடலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் முதலில் விசாரித்தால் எந்த ஆணையரகம், எந்தத் தேதி என்று தெரிந்துவிடும்.

அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காரும் புதுச்சேரி மாணவருக்கு இது கிடையாது. இது தமிழ்நாட்டின் திட்டம். மறுபக்கம், புதுச்சேரி அரசின் திட்டங்களைக் கடலூர் மாணவர் கேட்க முடியாது, அவற்றுக்குப் புதுச்சேரி இருப்பிடச் சான்று வேண்டும். ஒரே வகுப்பில் ஒரே வறுமையோடு வரும் இருவருக்கு இவ்வளவு வேறுபட்ட உதவி என்பது சரியல்ல என்றே நினைக்கிறேன். இருந்தாலும் இன்றைய நடைமுறை அதுதான்.

8 லட்சம், 4.5 லட்சம், 2.5 லட்சம்: எது எதற்கு?

ஓ.பி.சி. (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கையில் இருக்கிறது, அதற்கு வரம்பு 8 லட்சம், அப்படியானால் உதவித்தொகையும் வரும் என்று எண்ணுவது பரவலான தவறு.

1. 8 லட்சம், சேர்க்கைக்கு: மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு ஒதுக்கீட்டுக்கும் இந்த வரம்பு. ஓ.பி.சி. கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது.

2. 8 லட்சம், கடன் வட்டிக்கு: மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலக்ஷ்மியின் 3 சதவீத வட்டிச் சலுகைக்கான வரம்பு. எண் ஒன்றுதான், ஆனால் இது குடும்பத்தின் மொத்த வருமானம்.

3. 4.5 லட்சம்: முழு வட்டி மானியத்துக்கும், மேலே சொன்ன மத்தியத் துறை உதவித்தொகைக்கும்.

4. 2.5 லட்சம்: போஸ்ட் மெட்ரிக்குக்கும், தமிழ்நாட்டின் 2 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கும்.

ஓ.பி.சி. சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேறு வேறு தாள்கள் என்பதை நினைவில் வையுங்கள். இ-சேவை மையத்தில் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த மாநிலத்தவரும் கேட்கக் கூடியவை

பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் நாடு முழுவதும் 10,000 இடங்கள். மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம், இரண்டு ஆண்டுகள். ஆக மொத்தம் 3 லட்சம். இளநிலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. 30 சதவீத இடங்கள் பெண்களுக்கு. முதுநிலை முதலாண்டில், முழுநேரமாகப் படிப்பவர் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். முதலாண்டில் தவறவிட்டால் இரண்டாமாண்டில் வாய்ப்பே இல்லை. தொலைநிலைப் படிப்புக்கும் இல்லை. மதிப்பெண் நன்றாக உள்ள, ஆனால் எந்தச் சாதி அடிப்படைத் திட்டத்திலும் வராத மாணவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எம்.டெக். சேர்பவருக்கு அதற்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் மதிப்பெண் இருந்தால், ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்கள். கேட் எழுதாமல் சேர்ந்தால் ஒன்றும் இல்லை.

கல்விக்கடன்: கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு

வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி:

1. 4 லட்சம் வரை: சொத்து ஈடு வேண்டாம், கையிலிருந்து பங்குத் தொகையும் போட வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார்.

2. 7.5 லட்சம் வரை: மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து ஈடு இல்லாமல் தர வழியுண்டு.

3. அதற்கு மேல்: வீடு, மனை, வைப்புத்தொகை போன்ற ஈடு கேட்பார்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி, பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் சேர்பவருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் என்கிறது. தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 860 நிறுவனங்கள். மத்திய அரசு நிறுவனங்கள் இதில் வருவதால் புதுவைப் பல்கலைக்கழகம், ஜிப்மர் ஆகியவற்றில் சேர்பவர்கள் இதைக் கேட்கலாம். மற்ற கல்லூரிகளில் சேர்பவர்கள் வித்யாலக்ஷ்மி தளத்தில் தங்கள் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போவது நல்லது.

இப்போது கணக்கு. இரண்டாண்டு எம்.பி.ஏ.வுக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் 3 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாக. முதல் 1.5 லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 45,000. இரண்டாவது 1.5 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி 30,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3.75 லட்சம்.

அப்புறம் வரும் தவணை:

1. 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 4,960 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 5.95 லட்சம்.

2. 15 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 4,030, மொத்தம் 7.25 லட்சம். தவணையில் 930 ரூபாய் குறைத்ததற்குக் கொடுக்கும் விலை 1.3 லட்சம்.

3. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதலாண்டு மாதம் 1,250, பிறகு 2,500) பின்னால் 10 ஆண்டுத் தவணை சுமார் 3,965 ஆகக் குறையும். எல்லாம் சேர்த்து 5.5 லட்சம்தான் ஆகும். இப்படி வட்டி கட்டுபவருக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கவும் திட்டத்தில் இடமுண்டு, கேட்டுப் பெறுங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் தகுதியுள்ள கல்லூரியாகவும் இருந்தால், அந்த 75,000 வட்டியை அரசே கட்டும். 8 லட்சம் வரை வருமானம் உள்ள, வேறு உதவித்தொகை பெறாத மாணவருக்கு வித்யாலக்ஷ்மியில் 3 சதவீதச் சலுகை கிடைத்தால் இதே கணக்கில் 22,500 ரூபாய் மிச்சம். ஆனால் ஆண்டுக்கு நாடு முழுவதும் ஒரு லட்சம் மாணவருக்குத்தான் இந்தச் சலுகை, அதிலும் அரசு நிறுவனத்தில் தொழிற்படிப்பு படிப்பவருக்கு முன்னுரிமை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. முழு வட்டி மானியம் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான். முதல் இளநிலைப் பட்டத்துக்கோ முதுநிலைக்கோ, ஏதாவது ஒன்றுக்கு. பி.இ.க்கு மானியம் வாங்கியவருக்கு எம்.பி.ஏ.வுக்கு அது கிடைக்காது. இதைத் தெரியாமல் கணக்குப் போட்ட குடும்பம் தவணை தொடங்கும்போதுதான் அதிர்ந்துபோகிறது. இளநிலைக் கடன் நிலுவையில் இருந்தாலும் முதுநிலைக்குக் கூடுதல் கடன் கேட்கலாம். பழைய கடனின் தவணையைத் தள்ளிவைக்கும்படி அப்போதே எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம்.

"உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எல்லையோர ஊர்களில் இந்தக் காரணம் அடிக்கடி வரும். மறுப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடு மறுக்க வேண்டும் என்பது திட்ட விதி. ஆகவே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பேச்சு மாறும் இடங்கள் உண்டு.

முதுநிலை முடியும் முன்பே யோசிக்க வேண்டியது

ஆராய்ச்சிக்குப் போக எண்ணுபவர் எம்.ஏ., எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு ஊக்கத்தொகை) கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தால் கிடைக்கும் நெட் அல்லாத ஊக்கத்தொகை மாதம் 8,000 மட்டுமே. பல ஆண்டுகளாக உயர்த்தப்படாத தொகை இது. இந்த இடைவெளி ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றக் கூடியது. அதனால் நெட் தேர்வுக்காக ஆறு மாதம் காத்திருப்பது நஷ்டமில்லை என்பது என் கருத்து.

சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி. பிரிவினருக்கான தேசிய ஃபெல்லோஷிப்புகள் தனியாக உண்டு. முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது.

பணம் கணக்கில் ஏறாதபோது

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராதவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. ஆதாருடன் இணைந்த கணக்கு எதுவோ அந்தக் கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும், விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருந்தாலும், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தாரோ அங்கே போய்ச் சேரும். கடலூரில் பள்ளிக்காலத்தில் தொடங்கிய கணக்கு முடங்கிக் கிடக்க, காலாப்பட்டில் புதுக் கணக்கு தொடங்கிப் பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். வங்கியில் "கே.ஒய்.சி. முடிந்ததா?" என்று கேட்டால் போதாது. "இந்தக் கணக்கு என்.பி.சி.ஐ.யில் ஆதாருடன் இணைந்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். என்.பி.சி.ஐ. என்பது வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம். இரண்டும் வேறு.

பட்டியல் சாதி மாணவருக்கு இன்னொன்று. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது நேராக மாணவரின் கணக்குக்கே வருகிறது, அதில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் அடக்கம். வீட்டில் அவசரம் என்று அதை எடுத்துச் செலவழித்துவிட்டால், ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போது கட்டண பாக்கி என்று நிற்க வேண்டிவரும். பணம் வந்ததும் கல்லூரிப் பங்கைக் கட்டி, ரசீதை அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு எடுத்து வையுங்கள்.